இராசாத்தியின் ரயில் சில்லு

இயேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
12.2.1962

அன்புள்ள மகள் புனிதமலருக்கு, மாதாவின் காவலில் நீ சுகமாயிருக்க மன்றாடி அப்பா எழுதுவது. இங்கும் எல்லோரும் சுகமென்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. உன் தங்கச்சி இராசாத்தியை நேற்றிலிருந்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். வியாழக்கிழமை நான் அனுப்பிய ஒடியல் பனங்கிழங்குப் பார்சலை முதலில் கொட்டிப் பார், மிச்சத்தைப் பிறகு வாசி.

நீ நத்தாருக்கு, பாலன் பிறப்புக்கு அனுப்பிய சாவி கொடுக்கிற தகர ரயிலை அவள் இரண்டு நாள் வாயைப் பிளந்து பார்த்தாள். அது தன்பாட்டில் வட்டம் சுற்றும், இவளுக்கு அதில் என்ன வேலை? இப்போது அலுமாரிக்குள் கிடக்கிறது, கோபிக்காதே. ஓடாவி வீரகத்தி வள்ளம் திருத்திய மிச்சப் பலகையில் செதுக்கிக் கொடுத்த மர ரயில்தான் அவளுக்கு உயிர். சிப்பி ஏற்றுவாள், கருவாடு ஏற்றுவாள், பூனைக்குட்டியையும் ஏற்றிக் கொழும்புக்கு விடுவாள். மணலிலும் ஓடும், குசினி அடுப்படியிலும் ஓடும், அம்மாவின் முதுகிலும் ஓடும். கூவென்று கத்துவதும் அவள்தான், நிற்பாட்டுவதும் அவள்தான். நேற்றுக் காலை இருமத் தொடங்கி முகம் சிவந்துவிட்டது. பார்த்தால் எஞ்சின் உருளுகிற சில்லுகளில் ஒன்றைக் காணவில்லை, சட்டைப் பொத்தான் அளவு பூவரசஞ் சில்லு. முற்றத்து மணலை அரித்தும் கிடைக்கவில்லை. எக்ஸ்ரே படம் பிடித்தாலும் மரம் தெரியாது என்கிறார் டொக்டர். வாயில் போட்டு அது மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் யாழ்ப்பாணம் அனுப்பி, மயக்கிக் குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டுமாம், சின்னப்பிள்ளைக்கு அதுவும் ஆபத்தாம். சில்லு வேறெங்காவது இருந்தால் இது வெறும் சளி. மூச்சு சீராக இருப்பதால் நாளை பின்னேரம் வரை பொறுக்கிறார்.

இவளைக் கேட்டால் "சில்லு அக்காட்டப் போயிட்டுது" என்கிறாள். விளையாட்டுக் கதை என்று அதட்டிவிட்டேன். இன்றைக்குத்தான் மூளையில் பட்டது, நான் பார்சல் கட்டும்போது பக்கத்தில்தான் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் எப்போதிருந்து நொண்டியது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது. காலையில் தந்தி அடித்தேன், மறுமொழி இல்லை. நீ நர்ஸ் வேலையில் வார்டில் நிற்க, தந்தி விடுதி மேசையில் கிடக்கிறதோ தெரியாது. அதனால் கருவாட்டு லொறியில் கொழும்புக்கு வருகிற கனகலிங்கத்திடம் இதைக் கொடுத்து, உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சில்லு இருந்தால் உடனே தந்தி அடி. இல்லாவிட்டாலும் அடி, எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒளிக்காதே.

அம்மா செபமாலையைக் கீழே வைக்கவில்லை, ஒவ்வொரு இருமலுக்கும் துடித்து எழும்புகிறா. இவளோ கட்டிலில் நொண்டி எஞ்சினை ஓட்டுகிறாள். ஏன் பிள்ளை அக்காவுக்கு அனுப்பினாய் என்று மெல்லக் கேட்டேன். "சில்லு இல்லாட்டி ரயில் நொண்டும், அக்கா கொண்டந்து தருவா தானே" என்றாள். இரண்டு நத்தாருக்கு லீவில்லை என்று இருந்துவிட்டாய், நாங்கள் எழுதியும் வரவில்லை, இவள் கண்டுபிடித்த வழி இது. நம்பத்தான் ஆசை. நாலு வயதுப் பிள்ளையின் சொல்லை நம்பிக் காத்திருக்கப் பயமாகவும் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தோனியார் உனக்குத் துணை நிற்பார். வரும்போது சில்லைக் கொண்டு வா மகள். பார்சலில் அது இல்லாவிட்டால், வெறுங்கையோடாவது வா.

உன் அப்பா
இன்னாசித்தம்பி