சொடக்குத் தக்காளி என்று சொல்லிவிட்டேன்

மார்ச் 7, சனி
காலையிலிருந்து மழை. மல்லித்தழை வாங்க மெக்சிகன் கடை. அங்கே சொடக்குத் தக்காளி! மேலே காகிதம் சுற்றினாற்போல் அதே தோல். ஆனால் எலுமிச்சை அளவு. போர்டில் டொமாட்டிலோ என்று பேர். இவர், "அமெரிக்கால எல்லாமே சைஸ் பெரிசு" என்றார்.

ஊரில் வேலியோரம் பறித்து அப்படியே தின்போமே! பாப்பாவுக்கும் பச்சையாக மசித்து, பருப்புசாதத்தில். ஏழு மாதம் ஆகிறது, புது ருசி பழகட்டும். முகத்தைச் சுளித்துச் சுளித்து முழுக்கிண்ணமும் காலி. பெருமை தாங்காமல் பக்கத்து பில்டிங் சாந்திக்கு போன். "நம்மூர் சொடக்குத் தக்காளிடி! உன் அம்முவுக்கும் குடு."

சாயங்காலம் பாப்பா வாயைச் சுற்றிச் சிவப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன். சாந்தியிடம் சொல்ல வேண்டும். சிரிப்பாளே. நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 9, திங்கள்
பாப்பாவுக்குச் சரியாகிவிட்டது. டயப்பர், பால், லாண்டரிக்குச் சில்லறை. சாந்திக்கு இன்னும் போன் பண்ணவில்லை.

மார்ச் 14, சனி
பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் விருந்து. என் புளியோதரை மிச்சம்.

அம்முவின் வாயெல்லாம் செக்கச்செவேல், தோல் உரிந்து. புளிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம் டாக்டர். எல்லோர் முன்னாலும் சாந்தி கேட்டாள்: "நீ சொன்ன தக்காளிதான் வித்யா. ராத்திரி பூரா அழுதுச்சு. உன் பாப்பாவுக்கு ஒண்ணும் பண்ணலையா?"

"ஒண்ணுமே பண்ணலையே. வேக வெச்சுத்தானே குடுக்கச் சொன்னேன்?"

வாய் கூசவில்லை எனக்கு. வேகவைக்கச் சொல்லவே இல்லை. நானும் வேகவைக்கவில்லை.

ஒரு ஆன்ட்டி: "பச்சையாவா குடுத்தே? நல்ல பொண்ணும்மா நீ!" சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

காரில் இவர்: "பாப்பாவுக்கும்தானே வந்துச்சு? ஏன் அப்படிச் சொன்னே?" சீ, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 17, செவ்வாய்
வெயில். காலையில் கதவைத் தட்டினாள் சாந்தி, இடுப்பில் அம்மு. நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"சாரி வித்யா. நீ சொன்னதை நான்தான் சரியாக் காதுல வாங்கலை. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைக் கேட்டிருக்கக் கூடாது. இன்னிக்கு டிரைவிங் டெஸ்ட். இவளைக் கொஞ்சம் பாத்துக்கறியா? உன்னை விட்டா யாருகிட்ட விடுவேன்?"

"போயிட்டு வா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மத்தியானம் அம்முவுக்குத் தயிர்சாதம். உதட்டோரம் இன்னும் ஆறவில்லை. ஸ்பூனைக் கொண்டுபோனதுமே வாயை ஆவென்று திறக்கிறது. என்ன கொடுக்கிறேன் என்றுகூடப் பார்க்கவில்லை.