முதலாண்டுக்கு இன்னும் ஒரு பிள்ளை

மே 19, திங்கள்

காலையிலேயே வெயில். காரைக்குடிக்கென்று தனியாக ஒரு சூரியனை ஒதுக்கியிருக்கிறார்கள் போல.

முதல்வர் அறையில் சமூகப்பணித் துறைக் கூட்டம். துறை என்றால் நானும் குமரேசனும்தான். நான் தலைவி, அவன் மக்கள். முதல்வர் சொன்னது: பி.எஸ்.டபிள்யூ. முதலாண்டுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் சேராவிட்டால் இந்த வருஷம் வகுப்பு கிடையாது. வகுப்பு இல்லையென்றால் நாங்களும் கிடையாது. அதை அவர் வாயால் சொல்லவில்லை. காப்பி வரவழைத்தார். எப்போதும் வரவழைக்காதவர்.

கு.வுக்குப் போன மாசிதான் கல்யாணம். காப்பியைத் தொடவில்லை. ஆறிப்போகுமே என்று அவனுடையதையும் நானே குடித்தேன். துக்கத்திலும் எனக்கு நாக்கு மரத்துப்போவதில்லை.

மே 20, செவ்வாய்

ஒக்கூர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் படையெடுப்பு. குடை எடுக்க மறந்தேன், பவுடர் போட மறக்கவில்லை. ஒரு வீட்டுக் கதவிடுக்கில் ஒரு குரல்: "யாரு, பிள்ளை பிடிக்கிறவுகளா?" மறுக்க முடியவில்லை.

அடுத்த வீட்டில் உட்காரவைத்தார்கள். அந்த அம்மாவுக்கு நாத்தனாரோடு பேச்சில்லை. மூத்தவளுக்கு மாப்பிள்ளை அமையவில்லை. கொழுந்தனார் குடி. நான் "ம்". நான் "அப்புறம்". நான் "அப்ப ஒங்க மனசுக்கு எப்படி இருந்துச்சு". அழுதார். மோர் கொடுத்தார். விடைபெற்றோம்.

தெருமுனையில் கு. வண்டியை நிறுத்தினான். "மேடம், படிப்பப் பத்தி நாம ஒண்ணுமே சொல்லலையே."

உண்மை. வேலைக்கு வந்த நாளிலிருந்து வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: குறுக்கே பேசாதே, புத்தி சொல்லாதே, கேள். ஆள் பிடிக்கப் போகிறவர்களுக்கு வாய் வேண்டும். எங்களுக்கு இருப்பது காது.

அடுத்த வீட்டுக்கு எங்களுக்கு முன்பே ஒரு கேட்டரிங் கல்லூரிக்காரர் வந்து, ஒரு தோள்பையும் கப்பல் வேலை பற்றிய கனவும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அங்கேயும் போய்க் கேட்டுக்கொண்டுதான் வந்தோம். இந்த முறை மாமியார் தரப்பு.

வாங்க வேண்டியவை: குடை. மல்லித்தூள். முடிந்தால் வாய்.

மே 22, வியாழன்

இன்று கு. பேசினான், நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு பேர் சிக்கினார்கள். ஒருத்தி, பி.காம். கிடைக்காதவள். ஒருவன், மாமா பெண் இங்கே படிக்கிறாளாம். எந்த நோக்கத்தில் வந்தாலும் வருகைப்பதிவு ஒன்றுதான்.

பாக்கி ஒரு பிள்ளை.

முழங்கால் வலி. தூக்கம் சரியில்லை. வேறு கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். வயது என்ற கட்டத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

மே 24, சனி

இப்படியும் உண்டு: பிள்ளை தானாகவே போன் செய்து கூப்பிட்டது. ஷர்மிளா பானு. காரைக்குடியிலேயே வீடு.

"எங்க தெருவுல யாருக்கு முதியோர் பென்சன் நின்னுபோனாலும் நான்தான் தாலுகா ஆபீசுக்குப் போறேன் மேடம். சும்மா போறதுக்குப் படிச்சுட்டுப் போவமேன்னுதான்."

கு.வின் முகத்தில் மாசி மாதத்து வெளிச்சம்.

அவள் அம்மா தேநீரை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவ அத்தா ஒத்துக்கிற மாட்டேங்கிறாக. நீங்களே பேசிருங்க." அத்தா என்றால் அவள் அப்பா, குவைத்தில் டிரைவர். வீடியோவில் வந்தார்.

"இதப் படிச்சா வேல கெடைக்குமா மேடம்?"

கு. என் காலை மிதித்தான். மிதித்தும் சொன்னேன்: "இத மட்டும் படிச்சா சின்ன வேலைகதான். மேல ரெண்டு வருசம் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கணும். அப்பவும் பெரிய சம்பளம்னு சொல்ல மாட்டேன்."

"களப்பணின்னு வாரத்துல ரெண்டு நாள் வெளிய அனுப்புவீகளாமே. அங்க என்ன வேல?"

"ஜனங்களோட பழகிக் கத்துக்கத்தான். ஆனா போன வருசம் ஒரு தொண்டு நிறுவனத்துல பிள்ளைகள நாற்காலி அடுக்க விட்டுட்டாக. நான் போய்ச் சண்டை போட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் மேசையும் அடுக்கச் சொன்னாக."

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தது கேட்டது. அத்தா சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

வாசல் வரை வந்த ஷர்மிளா: "கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்ல மேடம்."

கல்லூரி வாசலில் இறக்கிவிட்டபோது கு. சொன்னான்: "ஒங்களுக்கென்ன மேடம், வீட்ல சார் சம்பளம் இருக்கு."

சுருக்கென்றது. இருக்கிறதுதான்.

மே 25, ஞாயிறு

போனை எடுப்பதும் வைப்பதுமாகப் பொழுது. இடையில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பது. வீட்டுக்காரர்: "அதுக்குள்ளயா அட்மிஷன் இருக்கு? சாத்து." முதல்வரிடமிருந்து செய்தி: நாளை முடிவு.

சாயங்காலம் குவைத்திலிருந்து குரல் பதிவு. "மேடம், மக நேத்துலருந்து சாப்புடல. சேத்துவிட்டா, அது முடிக்கிற வரைக்கும் நீங்க அங்க இருப்பீகளா? பிள்ளைக்காகச் சண்டை போட ஒரு ஆள் வேணும்ல."

"கண்டிப்பா இருப்பேன்" என்று பேசினேன். அழித்தேன். "ஆண்டவன் விட்ட வழி" என்று பேசினேன். அதையும் அழித்தேன். கடைசியில் உள்ளதையே அனுப்பினேன்: "ஒங்க மக சேந்தாத்தான் இந்த வருசம் வகுப்பே நடக்கும். வகுப்பு நடந்தாத்தான் நான் இருப்பேன். அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. வெங்காயம் நறுக்கினேன். தேவையில்லாமல் இன்னும் நறுக்கினேன். பிறகுதான் பதில் வந்தது.

"எம் மகளுக்கு வேல கெடைக்குமான்னு நான் கேட்டேன். கடைசில எம் மகதான் ஒங்களுக்கு வேல போட்டுக் குடுக்குதா?" சிரிப்புச் சத்தம். பின்னால் யாரோ அரபியில் கத்துவதும் கேட்டது. "காலைல அனுப்பி வைக்கிறேன்."

வெங்காயக் கையோடு கு.வுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அவன் மனைவி எடுத்தாள்.

"மேடம், கெட்ட சேதின்னா நாளைக்குச் சொல்லுங்க. இப்பத்தான் ரெண்டு வாய் சாப்புடுறாக."