புரொபசருக்கு நீங்கள் எழுதிய கடிதம்

என்னங்க,

மீன் குழம்பு சட்டியில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். நான் சேலம் போகிறேன். பத்து நாள் பாறை முகாமுக்குப் போகாவிட்டால் எனக்கு ஜியாலஜி பட்டம் கிடையாது. அது தெரிந்துதான், நான் முழுகாமல் இருக்கிறேன், முகாமுக்கு அனுப்ப முடியாது என்று புரொபசருக்கு எழுதினீர்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் அவர் வாழ்த்துச் சொன்னார். பொய் என்று நானே எழுந்து சொன்னேன்.

மூன்று வருஷமாக, "என்னாடி, இந்த மாசமும் இல்லியா?" என்று உங்கள் அம்மா கேட்க, தலைகுனிந்து பதில் சொன்னவள் நான். அப்போதெல்லாம் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

அஞ்சலாட்சி

பி.கு.: கல்லூரி குமாஸ்தாவுக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரே ஊர், தவளக்குப்பம். உங்கள் கடிதச் சேதி அங்கே எட்டிவிட்டது. மூன்று மணி பஸ்ஸில் வளையலும் பலகாரமுமாக உங்கள் அம்மா வருகிறார்களாம். இந்த மாசமும் இல்லை என்று இந்த முறை நீங்களே சொல்லுங்கள்.