துரை இன்னும் சாப்பிடவில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் என் வீட்டுக்காரர் கப்பலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். போன தடவை வந்து இறங்கியபோது "இதுதான் கடைசி, இனிமே கரையிலதான் வேலை" என்று சத்தியம் செய்தவர். கரை வேலைக்குப் பதிலாக முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஒரு மீன். விரால் இனத்தில் சின்ன ரகம், சாண் நீளம், உடம்பெல்லாம் நீலமும் ஆரஞ்சும். மற்ற மீன்களைக் கொன்று தின்னுமாம்.

"உனக்குத் துணையா இருக்கும்" என்றார்.

"துணைக்கு நீங்க இருக்கலாமே?"

தொட்டி விளக்கை முடுக்க ஆரம்பித்தார். பதில் இல்லாதபோதெல்லாம் இந்த மனிதருக்கு எங்கிருந்தாவது ஒரு திருகாணி கிடைத்துவிடும். கப்பல் இன்ஜினியர் இல்லையா!

பிப்ரவரி 5, வியாழன்

அவர் வாங்கி வைத்த உருண்டைத் தீனியைப் போட்டேன். ஒன்றை வாயில் எடுத்தது. அப்பாடா என்று நினைப்பதற்குள் துப்பியது. ஓட்டலில் கல் கடித்தவர் துப்புவாரே, அப்படி. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மரக்கட்டைக்குப் பின்னால் போய்விட்டது. துரை என்று பெயர் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

துரை இன்றும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மீன் கடைக்காரர் அசரவே இல்லை. "பசிச்சா தானா திங்கும்மா. வேணும்னா உயிர் மீன் போட்டுப் பாருங்க." ஒரு பை நிறையக் குட்டி மீன்கள் வாங்கி வந்தேன். மனசு கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டுச் சமையலறைக்கு ஓடிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், குட்டிகள் எல்லாம் துரைக்குப் போட்ட உருண்டைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. துரை மூலையில் ஒடுங்கியிருக்கிறார். ஒரு குட்டி அவர் வாலைக் கடித்து இழுக்கிறது.

கொன்று தின்னும் மீனாம்!

பிப்ரவரி 10, செவ்வாய்

குட்டிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். "என்னம்மா, நல்லா கொழுத்திருக்கே!" என்றார் கடைக்காரர்.

ஆஸ்பத்திரியில் யார் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதுதான் என் வேலை. இன்று ஒரு பஸ் டிரைவர் உப்பில்லாத சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தார். பக்கத்திலேயே நின்று பேசிப் பேசி நாலு வாய் உள்ளே தள்ள வைத்தேன். துரை புராணம் முழுக்கக் கேட்டிருந்த நர்ஸ் சிரித்தாள். "உங்க வீட்டுத் துரைகிட்டயும் இப்படிப் பேசிப் பாருங்களேன்."

பேசினேன். தொட்டி முன்னால் நின்று புரதத்தின் அவசியத்தை விளக்கினேன். திரும்பினால் வாசலில் நாத்தனார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

நாத்தனார் கீழ்வீடு. அவரிடம் ஒரு சாவி உண்டு. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து வந்து ரொட்டியைப் பிய்த்துப் போட்டிருக்கிறார். தண்ணீர் பால் மாதிரி ஆகிவிட்டது.

"பாவம், வாயில்லா ஜீவன்னு நினைச்சேம்மா."

வாயில்லாவா? அதுக்கு இருக்கறதே வாய் மட்டும்தான்க்கா! — இதைச் சொல்லவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியபோது மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இடுப்பு போயே போய்விட்டது.

பிப்ரவரி 14, சனி

அவர் போன். வாரத்துக்கு ஒரு தடவைதான் கூப்பிடுவார். எடுத்த எடுப்பில், "சாப்பிட்டுச்சா?"

நான் சாப்பிட்டேனான்னு ஒரு வார்த்தை? "அது ஒல்லியாயிடுச்சா"வாம். நான் என்ன ஆனா இவருக்கென்ன! பக்கத்துல இருந்து பாத்துக்க முடியாதவர் எதுக்கு வாங்கணும்? யாரு கேட்டா? — இதையெல்லாம் கத்தியே விட்டேன். பாதியில் லைன் போய்விட்டது. எவ்வளவு கேட்டதோ.

துரையின் வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கிறது. செத்துவிடுமா? எனக்குப் பிடிக்காத மீன்தானே, எதற்காக ராத்திரியில் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்?

பிப்ரவரி 17, செவ்வாய்

பஸ் டிரைவர் இன்று பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "நீங்க இப்படி நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா ஒரு வாய் இறங்க மாட்டேங்குதும்மா."

நகர்ந்துகொண்டேன். தட்டு காலி.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியின் மூன்று பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினேன். விளக்கை அணைத்தேன். கண்ணாடியைத் தட்டக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது என்று நாத்தனாருக்கு உத்தரவு. எனக்கும்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி

மொட்டை மாடிப் பூந்தொட்டியைக் கிளறி ஒரு மண்புழு எடுத்தேன். நான்! கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறுகிறவள். கையில் ஆஸ்பத்திரி உறை, முகத்தில் துப்பட்டா. புழுவை அலசித் தொட்டியில் விட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டப்!

பிடரியில் தண்ணீர் தெறித்தது. திரும்பினால் புழு இல்லை. துரை மட்டும் ஒன்றுமே நடக்காதது போல் மிதக்கிறார்.

நான் போட்ட கூச்சலில் திருடன் என்று நினைத்து நாத்தனார் துடைப்பத்தோடு ஓடி வந்தார். அவருக்காக இன்னொரு புழு போட்டேன். டப்! துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். ஒரு புழுவுக்கா இந்த அமர்க்களம்?

பிப்ரவரி 21, சனி

"சாப்பிட்டுச்சா?"

வாயெல்லாம் பல்லாகச் சொல்லத்தான் வந்தேன். "இல்லைங்க" என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது?

மறுமுனையில் எதையோ திருகும் சத்தம். பிறகு, "அப்படியா... சரி, நாளைக்குக் கூப்பிட்டுக் கேக்கறேன்."

நாளைக்கு!

பிப்ரவரி 27, வெள்ளி

தினமும் கூப்பிடுகிறார். மீன் விசாரணை சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் என் இடுப்பு வலி, நான் என்ன சாப்பிட்டேன், கப்பல் சமையல்காரரோடு அவர் போடும் சண்டை என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை.

துரை இப்போது இடுக்கியில் நீட்டினால் செத்த இறாலையே பிடுங்கித் தின்கிறார். வயிறு பந்து. "இன்னிக்கு லேசா மோந்து பார்த்துச்சு" என்று போனில் சொல்லி வைத்தேன். நம்பிக்கை போய்விடக் கூடாதே.

மார்ச் 6, வெள்ளி

ஒரு மாதமாகப் பட்டினி கிடக்கிற மீன் எப்படி உயிரோடு இருக்கிறது என்று ஒரு இன்ஜினியருக்குச் சந்தேகமே வராதா?

மார்ச் 10, செவ்வாய்

நாத்தனார் துரைக்கு இறால் உரித்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அது முதமுதல்ல தின்ன அன்னிக்கே தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பிட்டேனே. மறுநாளே போன் பண்ணி, 'அனுப்பினதை அவகிட்ட சொல்லிடாதேக்கா'ன்னான்." பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதேம்மா."

சாயங்காலம் வழக்கம்போல் போன்.

"சாப்பிட்டுச்சா?"

துரை இறாலுக்காகக் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க."

"பிடிவாதக்காரன்" என்றார். குரலில் பொட்டுக் கவலை இல்லை.

"ரொம்ப" என்றேன்.

அங்கே மழையாம். கடலில் பெய்யும் மழையை நீ கேட்டதில்லையே என்று கதவைத் திறந்து போனை வெளியே நீட்டினார். ஒரே இரைச்சல். நடுவில் "கேக்குதா?" என்றார்.

"கேக்குது, நீட்டிக்கிட்டே இருங்க" என்றேன்.