சூடேறாத இன்ஜின்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு பிரேக் வேலை, ஒரு கிளட்ச். மதியம் அண்ணன் அம்மாவின் பழைய காரைக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினான். "ஆயில் ஒழுகுது, நாத்தம் தாங்கல. என்னன்னு பாரு." அவ்வளவுதான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தங்கச்சி மெக்கானிக் என்று நாலு பேரிடம் சொல்லக் கூச்சம். ஓசியில் வேலை நடக்க வேண்டுமென்றால் மட்டும் ஞாபகம் வந்துவிடும்.

மார்ச் 5, புதன்

ஆயில் மூடியைத் திறந்தேன். சீ! உள்ளே பழுப்பாக, வெண்ணெய் மாதிரி ஒரு களிம்பு, விரல் தடிமனுக்கு. இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயைக் கழற்றினால் அதையும் அதே கண்றாவி அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் வால்வை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரவேண்டும். இது ஊமைக்கோட்டான் மாதிரி இருந்தது. உள்ளே சேருகிற புகைக்குப் போக வழி இல்லையென்றால் இடுக்கு இடுக்காக ஆயிலைத் துப்பத்தானே செய்யும்?

குச்சியால் தோண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் உருவி உருவி எடுத்தேன். எத்தனை முறை சோப்புப் போட்டும் விரலில் அந்தப் புளித்த நாற்றம் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

கை கழுவும்போதுதான் உறைத்தது. ஆயிலில் தண்ணீர் கலந்தால் வருகிற களிம்பு இது. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் முப்பது கிலோமீட்டர் போய், பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறான். அவ்வளவு தூரம் ஓடுகிற வண்டியில் இது எப்படி? ரேடியேட்டர் தண்ணீரும் குறையவில்லை, அங்கிருந்து கசிந்ததில்லை; உள்ளே வியர்க்கிற ஈரம்தான். இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டர் தண்ணீரை மறித்து வைக்கிற தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும், அதனால்தான் சூடேறவில்லை — அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். சூடு ஏறியதும் திறந்தது, ஆறியதும் மூடிக்கொண்டது. ஒரு பழுதும் இல்லை. வண்டியின் கிலோமீட்டர் மீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது, அதைப் பார்த்தும் பயனில்லை.

ஆக, சூடேறும் அளவுக்கு இந்த வண்டி ஓடுவதே இல்லை. தெருமுனையைத் தாண்டுவதில்லை.

அப்படியானால் அம்மா? இடுப்பெலும்பு முறிந்து அந்தப் பராமரிப்பு இல்லத்தில் படுத்ததிலிருந்து, ஞாயிறுதோறும் நான் பஸ் பிடித்துப் போகிறேன். போனதும் "அண்ணன் நேத்துதான்டி வந்துட்டுப் போனான்" என்பாள். அவளுமா பொய் சொல்கிறாள்? இவனுக்காகவா?

மார்ச் 7, வெள்ளி

வண்டி ரெடியா என்று வந்தான். கேட்டேவிட்டேன். முதலில் எகிறினான். தெர்மோஸ்டாட்டை எடுத்து மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டான்.

"முதல் வாரம் போனேன்டி. அம்மாவுக்குத் துணி மாத்துறாங்க, நான் பக்கத்துல நிக்கிறேன். அந்த நாத்தம்... குமட்டிக்கிட்டு வந்துச்சு. வெளிய ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அப்புறம் போக முடியல."

அண்ணியை ஏமாற்ற வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய், இரண்டு தெரு தள்ளிச் சிநேகிதன் கடையில் உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறான். தூ!

குமட்டுதாம். பெத்தவளப் பாத்தா குமட்டுதாம் தொரைக்கு! நான் மட்டும் என்ன, மூக்கக் கழட்டி வச்சிட்டா வேலை பாக்குறேன்? அவன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்தக் களிம்பே தேவலை.

"நாளைக்கு வண்டிய ஓட்டிப் பாக்கணும். அம்மாகிட்ட போறோம். நீதான் ஓட்டுற" என்றேன்.

மார்ச் 8, சனி

புது வால்வு, புதுக் குழாய், புது ஆயில். ஒழுகல் நின்றுவிட்டது. அவன்தான் ஓட்டினான்.

வார்டு வாசலில் பணிப்பெண் அவனை மறித்தாள். "நீங்க யாரு சார்? யாரைப் பாக்கணும்?"

அவன் பதில் சொல்வதற்குள் கட்டிலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "என் மூத்த பையன்மா. அடிக்கடி வருவான். நீ டியூட்டில இல்லாதப்ப."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அண்ணனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கி விழுங்கி நின்றான். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை. அம்மாமேலும் ஆத்திரம்தான்.

மார்ச் 12, புதன்

அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. யாரையும் பிடிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

போய் உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "அண்ணன் நேத்து வந்தான்."

"சரிம்மா" என்றேன். இன்னுமா இந்தப் பொய்?

போர்வையைச் சரிசெய்யப் போனேன். கால்விரல் நகமெல்லாம் வெட்டியிருந்தது. கோணல்மாணலாக, ஒன்று ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு. கட்டைவிரலில் சதையோடு சேர்த்து வெட்டி, அதன்மேல் ஒரு பிளாஸ்டர் வேறு. அங்கே வேலை பார்க்கிறவர்கள் யாரும் இப்படி வெட்டமாட்டார்கள்.

"வலிச்சுதா?"

"இல்லையே" என்றாள். அது பொய்.

கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். வெட்டின நகமெல்லாம் அப்படியே சிதறிக் கிடந்தது. சீ! வெட்டினவனுக்குப் பெருக்கத் தெரியாதா? துடைப்பம் கேட்டு வாங்கி நானே அள்ளிப் போட்டேன்.