உள்ளூர் கேபிளில் நாம் கேட்ட மன்னிப்பு

நேற்று உன் மனைவி ஒரு துணிப்பையோடு வந்தாள். "அண்ணே, வீட்டக் காலி பண்ணிட்டு மக கூடப் போறேன். இத யாருக்குக் குடுக்கன்னு தெரியல. நீங்க வச்சுக்கிறீகளா?" என்றாள். பைக்குள் உன் கறுப்புக் கோட்டு. பிரித்ததும் நீ கேமராவுக்காகப் பூசிக்கொள்ளும் பவுடர் வாசனை. காலரில் இன்னும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

காரைக்குடியில் பகலெல்லாம் உன் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டிக்கொண்டிருந்த நீ, இரவுச் செய்திகள் முடிந்ததும் இந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளூர் கேபிளில் வந்து உட்காருவாய். பக்கத்தில் நான், பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றவன். எதிரே அன்றைக்கு அகப்பட்ட நிருபர் யாராவது ஒருவர். நாட்டு நடப்பைக் கேலி செய்கிற நிகழ்ச்சி என்றுதான் பெயர். ஆனால் வருகிற எல்லோரிடமும் நீ ஒன்று கேட்பாய்: "வந்த செய்திய விடுங்க. எழுதியும் வராமப் போனது என்ன?" அவர்கள் நெளிவார்கள். ஊரே பார்த்துச் சிரிக்கும்.

கல்லலிலிருந்து அந்தப் பெண் நிருபர் வந்தபோதும் அதையே கேட்டாய். அவள் யோசிக்கவே இல்லை.

"ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டி, தூணெல்லாம் வெடிச்சு நிக்கிது. எழுதி அனுப்புனேன். வரலண்ணே."

"தொட்டி ஒரு விளம்பரம் குடுத்திருந்தா வந்திருக்கும்" என்றாய்.

நான் சிரித்தேன். கேமராக்காரரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "பிள்ளைக அதுக்கு அடியிலதான் ஒக்காந்து சாப்புடுதுக" என்றாள்.

அடுத்த கேலிக்கு நீ போகவில்லை. மைக்கை அவள் பக்கம் தள்ளினாய். "அந்தச் செய்தி போன்ல இருக்காம்மா? நீங்களே முழுசா வாசிங்க." முதல் வரியில் அவள் குரல் நடுங்கியது. போகப் போக நிமிர்ந்துகொண்டது.

அந்த வாரமே அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். தொட்டியை இடித்தார்கள். ஆனால் அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர்தான் நம் சேனலின் பெரிய விளம்பரதாரர். "மன்னிப்புக் கேட்டாத்தான் நிகழ்ச்சி" என்று முதலாளி சொல்லிவிட்டார். போக வேண்டாம் என்றேன் நான். "கேட்டா என்னய்யா, நமக்குப் பேசத் தெரியாதா?" என்று நீ கோட்டை எடுத்தாய்.

கேமராவைப் பார்த்துக் கைகூப்பினாய். "நேயர்களே, இது சிரிப்பு நிகழ்ச்சி. போன வாரம் எங்களயும் அறியாம ஒரு உண்மையச் சொல்லிட்டோம். இனிமே அப்படி நடக்காது. மன்னிச்சுக்கங்க."

முடிப்பதற்குள் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். அத்தோடு நிகழ்ச்சியும் நின்றது. திரும்பும் வழியில் ஒரு கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பு! எனக்கும் அடக்க முடியவில்லை. வேலை போன வேறு யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஒரு மத்தியானம் கடையிலேயே உனக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. குன்றக்குடியில் ஒரு காதுகுத்திலிருந்து நான் ஓடி வருவதற்குள் உன்னை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

இப்போது டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது எனக்கு ஏதாவது தோன்றும். சொல்ல ஆள் இருக்காது. ஒருநாள் பழக்கத்தில் உன் எண்ணை அழுத்திவிட்டேன். அந்த எண்ணை இப்போது வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். "யாரு வேணும்?" என்றது ஒரு இளவயதுக் குரல். தவறாக வந்துவிட்டது என்று வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

அந்தக் கல்லல் பெண் இப்போது சொந்தமாக யூடியூபில் செய்தி போடுகிறாள். "அண்ணே, சும்மாதான இருக்கீக. நாட்டு நடப்பப் பத்தி நீங்க மட்டும் பேசி அனுப்புங்க" என்று விடாமல் கேட்டாள். இன்று காலை உட்கார்ந்து, போனை எதிரே சாய்த்து வைத்துப் பேசிப் பதிவுசெய்து அனுப்பினேன். மாலையில் கூப்பிட்டாள்.

"நல்லாருக்குண்ணே. ஆனா அங்கங்க பேச்ச நிறுத்திட்டுச் சும்மா இருக்கீகளே. ஒண்ணுமே இல்லாம ஓடுது. அத வெட்டிரவா?"

போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நீ குறுக்கே விழுந்து பேச இடம் விட்டிருக்கிறேன்.

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன்.