டஸ்டியின் நொண்டல்

நோரீன்,

இந்தக் காலத்தில் அப்பனுக்கு முட்டி வலித்தால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. குதிரைக்குக் கால் வலித்தால் வீடே கூடி அழுகிறது.

டஸ்டி முள்கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டு எட்டு வாரம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. நான் போனால் நேராக நடக்கிறது. உன்னைக் கண்டால்தான் நொண்டுகிறது. நொண்டினால் நீ புதினா மிட்டாய் ஊட்டுவாய் என்று அதற்குத் தெரியும். இதைச் சொன்னதற்கு நேற்று, "உங்களுக்கு ஈவிரக்கமே இல்லப்பா"ன்னு கத்தினாய்.

கத்திக்கொள். ஆனால் இன்று பத்து மணிக்கு பில்லிங்ஸ் ஊரிலிருந்து குதிரை டாக்டர் வருகிறார். "இன்னமும் நொண்டுச்சுன்னா ஊசி போட்டு ஒரேயடியா மேல அனுப்பிடலாம்"னு போன வாரமே சொன்னவர். மிட்டாய்க்கு நொண்டுகிற குதிரையைப் பற்றி அவர் படித்த புத்தகத்தில் இருக்காது. அவர் கிளம்பும்வரை நீ லாயத்துப் பக்கம் தலைகாட்டாதே. பக்கத்துப் பண்ணை ஆர்வில் வந்து டஸ்டியை நடத்திக் காட்டுவான். நான் இருந்தால் டாக்டரோடு சண்டை வரும். மேட்டு வேலியைச் சரிபார்க்கப் போகிறேன்.

அடுப்பில் பீன்ஸ் இருக்கிறது.

அப்பா

டஸ்டியின் காலில் தழும்பு உரசாமலிருக்கப் புதுக் கட்டு போட்டிருக்கிறேன், பிரிக்காதே.

மிட்டாய் டப்பாவைத் தேடாதே, என்னோடு வண்டியில் வருகிறது. அப்படியும் நீ லாயத்துக்குப் போகாமல் இருப்பாய் என்று எனக்கு நம்பிக்கையில்லை.